பதில் சொல்லாதீங்க அய்யா

இராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் நர்ஸ். பரமக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். இதயத்துக்கு சி.டி. எடுக்க வருகிறவர்களைத் தயார்பண்ணி மெஷினில் படுக்க வைப்பது என் வேலை.

ஒரு நாள் பாம்பனிலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். கரையில் மீன் ஏலம் விடுகிறவர். நல்ல கனத்த குரல். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பேசியது உள்ளே மருந்து அறையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரெண்டு வாரமாக நெஞ்சில் வலி. டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

காலையிலிருந்து காபி, டீ குடிக்கவில்லையே என்று கேட்டேன்.

"இல்ல தாயி. டீக்கடைப் பக்கம் பார்த்தாக்கூட இவ கையைப் பிடிச்சு இழுத்துட்டா."

நாடித்துடிப்பு இறங்க மாத்திரை கொடுத்து உட்கார வைத்தேன். துடிப்பு மெதுவாக இறங்கி வரும். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாளை மீன் வரத்து பற்றி ஆரம்பித்துவிடுவார், மறுபடி ஏறிவிடும். கடைசியில் பக்கத்து நாற்காலிக்காரரை இடம் மாற்றி உட்கார வைத்தேன். அதன் பிறகுதான் அடங்கியது.

உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, நெஞ்சு முடியை மழித்து, வயர்களை ஒட்டி, கையில் ஊசி குத்தி, ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு மெஷின்ல ஒரு குரல் சொல்லும் அய்யா. சொன்னதும் அசையாம பிடிச்சுக்கணும். விடுங்கன்னு சொன்னப்புறம் விட்டாப் போதும்."

"இம்புட்டுத்தானே."

மருந்து ஏற்றாமல் ஒரு படம் முதலில் எடுப்போம். நான் கண்ணாடி அறைக்கு வந்ததும் டெக்னீசியன் பொத்தானை அமுக்கினார். மெஷினுக்குள்ளிருந்து பதிவு செய்த பெண் குரல் வந்தது.

"மூச்சை நன்றாக இழுத்து, அடக்கிக்கொள்ளுங்கள்."

"அடக்கிட்டேன்மா" என்றார் பெரியவர்.

படம் கலைந்துவிட்டது. நான் உள்ளே ஓடி, பதில் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். தலையாட்டினார். மறுபடி குரல் வந்தது.

"சரி தாயி, இந்தா பிடிச்சுட்டேன்."

மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இருந்தாலும் "ம்ம்" என்று ஒரு சத்தம் வந்துவிட்டது.

"அது ரெக்கார்டிங் அய்யா. உங்களுக்குக் காது கேட்டுச்சான்னு அது பார்க்காது."

"அது எப்படித் தாயி? ஒரு பொம்பளைப்பிள்ளை இம்புட்டு மரியாதையாச் சொல்லுது. நாம பாட்டுக்குக் கம்முனு கிடந்தா என்ன நினைக்கும்?"

டெக்னீசியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்போடு பயமும் இருந்தது. இந்தப் படம் எப்படியோ தேறிவிட்டது, அடுத்தது மருந்து ஏற்றி எடுக்கிற படம். அதில் பதில் சொன்னால் மருந்தும் வீண், படமும் வீண்.

வெளியே போய் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "வீட்டுல டி.வி.யில நியூஸ் வாசிக்கிற பிள்ளை வணக்கம் சொன்னாலே இவுக திருப்பிச் சொல்லுவாக" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்கு நீங்க ஏலம் விடுற ஆளு இல்ல, வாங்குற ஆளுன்னு சொல்லிப் பாரும்மா. வாங்குறவுக வாயைத் திறக்க மாட்டாக. விரலை மட்டும் காட்டுவாக" என்றார்.

போய் அப்படியே சொன்னேன். பெரியவர் முகம் தெளிந்துவிட்டது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

மருந்து உள்ளே போகும்போது உடம்பு சூடாகும், ஒண்ணுக்குப் போய்விட்டது போலத் தோன்றும், போகாது, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். ரத்தக் குழாய் விரிய நாக்குக்கு அடியில் ஸ்பிரே அடித்துவிட்டு வெளியே வந்தேன். குரல் வந்தது. தலைக்கு மேலே கட்டைவிரல் நிமிர்ந்தது. சத்தமே இல்லை. படம் அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

உள்ளே போனபோது அவர் மேலே பார்த்தபடி கிடந்தார்.

"தாயி, கதவைச் சாத்து" என்றார், அவருக்கு வருமென்று நான் நினைத்திராத சின்னக் குரலில். "நீ சொன்னதுதான். ஆனா எனக்கு நெசமாவே போயிருச்சு. இவகிட்டச் சொல்லிராத."

விரிப்பைத் தொட்டுக் காட்டினேன். காய்ந்துதான் இருந்தது. அவரே ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

சாயங்காலம் எங்கள் சென்டர் டாக்டர் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லை, மீன் பெட்டி தூக்கியதில் தசை பிடித்திருக்கும் என்றார். அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். பெரியவர் மட்டும் முகம் வாடி என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் என் பேரைச் சொல்லி செபிச்சாரு. ஊரே அழுதுச்சு. ஒண்ணுமே இல்லேன்னு எப்படிப் போய் நிக்கிறது? சின்னதா ஏதாச்சும் இருக்கான்னு கேட்டுச் சொல்லு தாயி."

டாக்டரிடம் கேட்டேன். அவர் படத்தை மறுபடி பார்த்து, ஓர் இடத்தில் கொழுப்பு லேசாகப் படிந்திருக்கிறது, பரோட்டாவைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார்.

"லேசாவா?" என்றார் பெரியவர்.

"லேசாத்தான் அய்யா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போனார். அங்கே யாரிடமோ கொழுப்பைப் பற்றிச் சொல்வது கதவைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது.