மலைக்குப் பின்னால் ஒரு வைஃபை: அடி அண்ணாமலையில் ஒரு பௌர்ணமி

கலைவாணி என் கல்லூரித் தோழி, கணக்கு டீச்சர். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் வீடு. கணவர் அங்கேயே வேர்க்கடலை பயிரிடுகிறார். இணையவழிப் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் போன மாதம் அவளை வேலைக்கு எடுத்தது. வீட்டிலிருந்து நாற்பது நிமிட மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். லைன் சரியில்லை என்றால் சென்னை அலுவலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். அவர்கள் குறித்தது பௌர்ணமி, மாலை ஐந்து மணி.

"பௌர்ணமில இங்க போனே வேல செய்யாதுடி. நான் மெட்ராஸ்ல, அவரு இங்கன்னு ஆயிடும் போல" என்றாள். அன்றைக்கே வீட்டில் வயர்லெஸ் பிராட்பேண்ட் பொருத்த ஆள் வருவதாகவும் சொன்னாள். கிரிவலமும் ஆகும், அவளுக்குத் துணையாகவும் இருக்கும் என்று கிளம்பினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 5.40க்குப் பஸ். 10.15க்குத் திருவண்ணாமலை. அங்கிருந்து ஆட்டோவுக்கு 200 ரூபாய் கொடுத்தும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடைதான். "இதுக்கு மேல வண்டி வுட மாட்டாங்கம்மா. இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்று டிரைவர் இறக்கிவிட்டுவிட்டார். பௌர்ணமியன்று போகிறவர்கள் இதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, பொருத்த வந்திருந்த ஏழுமலை மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் முகத்தில் கவலைதான் தெரிந்தது.

"டவுன் டவர் நமக்கு ஒதவாது மேடம். மலை நடுவுல நிக்குது. மேற்கால நாலு கிலோமீட்டர்ல இன்னொரு டவர் இருக்கு, அதப் புடிக்கணும்."

விஷயம் இதுதான். மாடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஆன்டெனா வைக்கிறார்கள். அது டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். இது செல்போன் அலைவரிசையில் ஓடுவதில்லை. அதனால் கிரிவலப் பாதையில் எத்தனை ஆயிரம் போன்கள் போனாலும் அவற்றோடு முட்டிமோத வேண்டியதில்லை. ஆனால் கலைவாணி வீட்டுக்கு மேற்கில் பக்கத்து வீட்டுப் புளியமரம், மாடியை விட உயரமாக. ஏழுமலை மாடியின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். மணி இரண்டானது. சிக்னல் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தயாளன், பாதையோரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். நாங்கள் போய் நின்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மரத்து மேல கை வெக்கற பேச்சே வேணாம். போன வருசம் கரண்ட்டுக்காரங்க வந்து பாதி கிளையக் கழிச்சிட்டுப் போய்ட்டாங்க."

"மரம் வேணாங்கண்ணா. உங்க மாடிச் சுவரு போதும். அங்கேர்ந்து டவரு நேரா தெரியுதாம்" என்றாள் கலைவாணி.

"நாலு போல்ட்டுதாங்க" என்றார் ஏழுமலை.

தயாளன் எங்கள் பக்கம் திரும்பினார். "பௌர்ணமி ஆனா என் கடைல க்யூஆர் சுத்திக்கினே கிடக்குது. பணம் வந்துச்சா வரலையான்னே தெரியல. இது வந்தா அது சரியாவுமா?"

"உங்க கடைக்கும் வயர் இழுத்துத் தரேங்க" என்றார் ஏழுமலை.

"அப்ப ஏறுங்க. சுவரு மட்டும் ஒழுவக் கூடாது, சொல்லிட்டேன்."

4.38க்கு ஆன்டெனாவில் பச்சை விளக்கு. என் போனில் அப்போது சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன, ஆனால் ஒரு இணையப் பக்கம்கூடத் திறக்கவில்லை. ஐந்து மணிக்கு, கூட்டத்தின் சத்தம் கேட்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கலைவாணி பின்னங்களை ஆரம்பித்தாள். நானும் அவள் கணவரும் வாசலில் மூச்சுவிடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபதாவது நிமிடம் உள்ளே குரல் நின்றது. அவர் எழுந்தே விட்டார். எட்டிப் பார்த்தால், ஒரு மாணவி கணக்குப் போட்டு முடிக்கட்டும் என்று கலைவாணி காத்திருக்கிறாள்!

மறுநாள் காலை மெயில் வந்தது. வேலை உறுதி, வீட்டிலிருந்தே. அவள் கணவர் மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு நிலத்துக்குக் கிளம்பினார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டிருந்தார்.

தரைக்கடியில் வரும் கேபிள் பெரிய ரோட்டோடு வந்து நின்றுவிடுகிறது. வயல் நடுவிலும் மலைக்குப் பின்னாலும் இருக்கும் வீடுகளுக்கு அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஒரு நாளில் இது வந்துவிடுகிறது. கிராமத்து இணையம் இந்த வழியில்தான் வேகமாக வளரும் என்று நம்புகிறேன். சில குறைகள் உண்டு. கனமழையில் வேகம் கம்மியாகலாம். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். மரம் வளர்ந்தால் ஆன்டெனாவை நகர்த்த வேண்டியிருக்கும்.

இந்தப் பக்கம் தங்கி வேலை பார்க்க நினைப்பவர்கள் ரூம் போடுமுன் 'வைஃபை இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள், இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'பௌர்ணமி சாயந்திரம் வீடியோ கால் ஓடுமா' என்று கேளுங்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு நான் ஒரு வாரம் அங்கேதான், லேப்டாப்போடு. ஆபீசில் லீவு கேட்கவில்லை.