நீலத்துக்குத் தெரியாத சீனி

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னது எழுபதுகளின் நடுவில். கோயமுத்தூர்ப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிள்ளை கிடையாது. சீனி, வெல்லம், கருப்பட்டி எதுவும் ஆகாது என்று சொல்லி, மாத்திரையோடு ஒரு புட்டி நீல மருந்தும் கண்ணாடிக் குழாயும் கொடுத்து அனுப்பினார்கள். குழாயில் நீலத்தை ஊற்றி, மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை வந்தால் துளி இருக்கிறது. மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்தால் ஆபத்து.

அதோடு விட்டாரா மனுசர்? குடிக்கிறதை எல்லாம் காய்ச்சிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திராட்சைச் சாறு செங்கல். ஆரஞ்சும் அப்படியே. தோப்பு நிறைய இளநீர் தொங்குகிறது, அதுவும் செங்கல். மோரைக்கூட விடவில்லை. அது மஞ்சள் காட்டியதும் மோரையும் நிறுத்தினார். சோற்றுக்கு மோர் இல்லாமலே எழுந்து போவார்.

பிறகு ஒருநாள் தெளுவைக் காய்ச்சினார். விடியற்காலையில் பனையிலிருந்து இறக்கும் பதநீரை எங்கள் பக்கம் தெளுவு என்போம். மாசி, பங்குனியில் வீட்டுக்கு வந்தவருக்குத் தெளுவு கொடுக்காமல் அனுப்பினால் மரியாதைக் குறைவு. குழாயில் அது இளம்பச்சைக்கு மேல் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

"ஏனுங்க, இதக் காய்ச்சித்தானுங்களே கருப்பட்டி பண்றோம்? நாக்குல வெச்சா இனிக்குது, அப்பறம் எங்கெ போச்சு சக்கரை?" என்று கேட்டேன்.

"காய்ச்சினாத்தான் புள்ள அது சக்கரை. பச்சையாக் குடிச்சா மரத்துத் தண்ணி. பாரு, உங்கண்ணு முன்னாலதானே காமிச்சேன்?"

கண் முன்னால் காட்டியதை நானும் நம்பினேன். அப்போதே இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வியாதிக்குத் தாகம் அடங்காது. தாகம் எடுக்க எடுக்கத் தெளுவு குடித்தார். மூத்திரம் மட்டும் செங்கல் நிறத்தை விட்டு இறங்கவில்லை. சோறுதான் காரணம் என்று சோற்றைப் பாதியாக்கினார். அப்புறம் கொள்ளுக் கஞ்சி. ஆள் துரும்பாகிக்கொண்டே போனார். டாக்டர் கேட்டபோது, "சீனியத் தொடறதே இல்லீங்க" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம்.

வேலி அடைக்கும்போது காலில் ஏறிய முள் ஆறவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள். மழை தொடங்கியபோது முழங்காலுக்குக் கீழே இடது காலையே எடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சோதனை என் வேலையாயிற்று. ஒரு காலை, மறுபடியும் செங்கல். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எதைத்தான் இன்னும் நிறுத்துவது? 'சீனின்னா என்னன்னாவது இந்த நீலச் சனியனுக்குத் தெரியுமா?' என்று, விருந்தாளிக்கு வைத்திருந்த சீனியில் ஒரு கரண்டி அள்ளித் தண்ணீரில் கரைத்து, குழாயைக் கழுவிக் காய்ச்சினேன். செக்கச்செவேல் என்று வரப்போகிறது என்று காத்திருந்தேன். நீலமாகவே கொதித்தது. இன்னொரு கரண்டி சீனியைக் கரைத்துப் பார்த்தேன். அப்போதும் நீலம். அத்தனை நாளில் வெறும் சீனியைக் காய்ச்சிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சீனி என்று தெரிந்ததை எதற்குச் சோதிக்க?

அடுத்த தடவை போனபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மருந்து மூத்திரத்துக்கு உண்டானது. பழத்தில் இருக்கிற சர்க்கரையையும் பாலில் இருக்கிறதையும் அது காட்டிவிடும். சீனியைக் காட்டாது; தெளுவில் இருப்பதும் பெரும்பாலும் அந்தச் சீனிதான். அது வயிற்றுக்குள் போய் உடைந்து, ரத்தத்தில் கலந்து, மூத்திரத்தில் இறங்கிய பிறகுதான் காட்டும். "இளநீரைவிடத் தெளுவிலதான்மா சர்க்கரை ரொம்ப அதிகம்" என்றார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு அடுத்த தையில் எந்த மரத்தில் தெளுவுக்குப் பானை கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு கால் மிச்சம் இருக்கிறதே!

வாயால் சொன்னால் நம்பமாட்டார். விளக்கையும் குழாயையும் கட்டிலுக்கே கொண்டுபோய், அவர் பார்க்கச் சீனியைக் கரைத்துக் காய்ச்சினேன். நீலமாகவே நின்றது.

"நீ போட்டது சீனியா இருக்காது புள்ள," என்றார்.

கரைத்ததில் மிச்சம் இருந்த டம்ளரை நீட்டினேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நான் அழுதேன், அவர் அழவில்லை. போர்வையில் கால் இல்லாமல் தட்டையாகக் கிடந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏம்புள்ள," என்றார் கடைசியில், "எடுத்த காலெ எங்கெ பொதச்சாங்கன்னு கேட்டியா?"

"கேக்கலீங்க," என்றேன்.