ஈர்க்குச்சியும் மாமாவின் வலது காலும்

என் ஒன்பதாம் வயதில் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதில் மூன்று பத்திகள்: நேரம், எந்தக் கால், என்ன ஆயிற்று. கால் என்பது என் மாமாவின் கால்.

அம்மாவின் தம்பியான அவருக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மொத்தக்கடை. பரணிலிருந்து மூட்டை இறக்கும்போது ஏணி சரிந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பு மேல்பக்கத்தில் முறிந்தது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கையும் வாயும் மட்டுமே பழைய மாமாவாக இருந்தன. நெஞ்சுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. மூத்திரம் ஒரு குழாய் வழியாகக் கட்டிலோரத்துப் பையில் இறங்கும். பள்ளி விட்டதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை.

ஒரு சாயங்காலம் கை சும்மா இராமல் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி அவருடைய வலது உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தேன். முழங்கால் வெடுக்கென்று மடங்கி மேலே வந்தது.

என் கூச்சலைக் கேட்டு மாமாவின் மனைவியான அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தேன், கால் மறுபடி வந்தது. அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். கோட்டைப் பக்கத்துப் பிள்ளையாருக்கு நூற்றொரு தேங்காய் அடிப்பதாக அங்கேயே நேர்ந்துகொண்டாள். மாமா அத்தையைப் பார்த்தார். சிரித்தார்.

குழாயைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மலையாளம் கலந்து பேசும் நர்ஸ் சிஸ்டர் ஒருவர் வருவார். அவரிடம் மட்டும் சொல்லக்கூடாது என்றாள் அத்தை. நேர்த்தி முடிவதற்குள் வெளியே தெரிந்தால் கண் பட்டுவிடுமாம். ஆகவே நான் சொல்லவில்லை, நோட்டில் எழுதினேன். முதல் பக்கத்தில் சிஸ்டர் வந்த முதல் நாளே சொல்லியிருந்ததும் இருந்தது: தலை வலித்து வியர்த்தால் முதலில் நிமிர்த்தி உட்காரவை, அப்புறம் குழாயைப் பார்.

நேர்த்தி நாளில் பெரியவர்கள் எல்லோரும் தேங்காய்ச் சாக்குகளோடு கிளம்பினார்கள். மாமா இரண்டு டம்ளர் மோர் குடித்தார். நான் வழக்கம்போல ஈர்க்குச்சியை எடுத்தேன். கால் மூன்று முறை எழுந்து விழுந்தது. பிறகு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

"மருமவளே, தலை பொளக்குது" என்றார் மாமா.

நிமிர்ந்து பார்த்தேன். முகம் வத்தல் நிறத்தில் சிவந்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஓடியது; வயிறும் காலும் காய்ந்து கிடந்தன. வாசலுக்கு ஓடினேன். தெருவில் தெரிந்தவர் யாருமில்லை. திரும்பி வந்து நோட்டின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். மாமா ஜன்னல் கம்பியில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுக்க, நான் வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் முதுகுக்குப் பின்னால் திணித்தேன். பிறகு குழாயைப் பார்த்தேன். பையில் ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை. குழாய் வலது தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. பலம்கொண்ட மட்டும் தொடையைத் தள்ளி அதை உருவினேன். மூத்திரம் சலசலவென்று பைக்குள் இறங்கியது. பை கனக்கக் கனக்க மாமாவின் முகம் வெளுத்து அவருடைய பழைய முகமாயிற்று.

ஆறு மணிக்கு சிஸ்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். என் நோட்டையும் வாங்கிப் புரட்டினார்.

"இது அண்ணாச்சி நெனச்சு அசைச்ச கால் இல்ல, மோளே. ஹெட் ஆபீஸ் அறியாம பிராஞ்ச் ஆபீஸ் செய்யுற ஜோலி" என்றார். உள்ளங்காலில் பட்டது முதுகுத்தண்டு வரைக்கும் போய், அங்கிருந்தே உத்தரவு வாங்கித் திரும்பிவிடும். மூளைக்குச் சேதி போகாது. இன்று வயிற்றுக்குள் நிறைந்த மூத்திரப்பை கத்தியதும் அதே தண்டு தன்பாட்டில் ரத்தக்குழாய்களை இறுக்கிவிட்டது. தளர்த்தச் சொல்லி மூளை அனுப்பிய உத்தரவு முறிந்த இடத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் மேலே மட்டும் வியர்வை. இன்னும் தாமதித்திருந்தால் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம்.

"அண்ணாச்சிக்கு டாக்டர் கால் விஷயம் பறஞ்சதல்லே? பின்னே ஏன் வீட்ல சொல்லல்ல?"

"அவ கரண்டியப் போட்டுட்டு அழுதா, சிஸ்டர்" என்றார் மாமா. "நான் விழுந்த பெறவு அவ சிரிச்சிக்கிட்டே அழுதது அன்னைக்குத்தான்."

அத்தை தேங்காய்ச் சில்லுகளோடு வந்தாள். சிஸ்டர் அவளை அடுப்படிக்கு அழைத்துப்போய் வெகுநேரம் பேசினார். வெளியே வந்த அத்தை கட்டிலருகே உட்கார்ந்து மாமாவின் வாயில் ஒரு சில்லை ஊட்டினாள். "இவ இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல, கேட்டியா?" என்று மாமா என்னைக் காட்டினார். அன்று வீடு முழுக்க என் பேச்சுதான். ஒரு வாரம் பள்ளியிலும் அதையே சொல்லித் திரிந்தேன்.

மாமா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தார். கட்டிலில் படுத்தபடியே கடையை நடத்தினார்.

போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது நோட்டை எடுத்துப் படித்தேன். '4.40, வலது கால், ஈர்க்குச்சி, மூன்று முறை. கடைசியில் குழாய்ப் பக்கம் விழுந்தது.' அதற்கு அடுத்த வரி: '5.25, மாமாவுக்குத் தலைவலி.' என் கையாலேயே ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கால் விழுந்ததை மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த நேர்த்தி நாளுக்கு மறுநாள் நான் பள்ளி விட்டு வந்ததும் அவர்தான் கேட்டார். "ஈர்க்குச்சி எங்க மருமவளே? எடுத்துட்டு வா. மொதல்ல குழாய அந்தப் பக்கம் நகத்தி வச்சிரு."

மாமாவுக்கு விளையாட ஆசை என்றுதான் அன்று நினைத்தேன்.