பெற்றான் என்று போடாத இடம்

'பத்தவச்சான்' என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சித்தி வீட்டு அடுப்படியில். "நம்ம பொண்ணைப் பத்தவச்சானுக்குத்தான் குடுக்கப் போறேன்," என்றாள் சித்தி. ஏற்கெனவே ஒருவன் சித்தி மகளை, என் தங்கையை, கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடியிருந்தான். இப்போது ஊரில் சண்டை மூட்டிவிடுகிற ஒருத்தனா என்று நினைத்தேன். பார்த்தால், லாரி ரேடியேட்டரில் ஒழுகும் இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற ஆள். தொழிலால் வந்த பெயர். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஒரு வார்த்தை போட்டுக் கொடுக்கத் தெரியாத மனிதருக்குப் போய் அப்படி ஒரு பெயர் வாய்த்திருந்தது.

என் தங்கையையும் குழந்தையையும் சேர்த்தே அழைத்துப் போனார். பையன் பேசிய முதல் வார்த்தையே அவரைப் பார்த்துச் சொன்ன 'அப்பா'தான். தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை.

"வேற கல்யாணம் பண்ணிக்கோங்க தம்பி," என்று நானே சொன்னேன்.

"வர்றவ இவனை யாரு பிள்ளைன்னு சொல்லுவாளோ அண்ணி," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பையனுக்கு மீசை அரும்பிய வயதில் அவன் தாய்மாமன், என் சித்தி பெற்ற தறுதலை, குடித்துவிட்டு உண்மையை உளறிவிட்டான். பையன் நேரே கடைக்கு வந்து, டிரைவர்கள் எதிரில் கேட்டான்.

"நீங்க என்னைப் பெத்தீங்களா?"

அவர் கையில் காய்ச்சிய இரும்பு இருந்தது. "வளர்த்தேன்பா," என்றார்.

"நான் அதைக் கேக்கல."

அன்றிலிருந்து அப்பா என்ற சொல் அந்த வீட்டில் நின்றுபோனது. 'ஏங்க', 'இந்தாங்க', அவ்வளவுதான். பிறகு அவன் தூரத்தில் ஒரு பேட்டரி கம்பெனிக்கு வேலைக்குப் போனான். அங்கே ஒரு ஜெபவீட்டில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறான் என்று சேதி வந்தது. அதற்கும் இவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் கம்பெனி வண்டி அவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அமிலம் தெறித்து இரண்டு கண்ணும் போயிருந்தன. ஆவியை இழுத்ததில் நெஞ்சும் வெந்திருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டு நானும் அங்கே போய் இருந்தேன்.

அவன் பையில் ஒரு வேதப் புத்தகம் இருந்தது. புத்தம் புதிது. "இனிமேதான் படிக்கணும்னு வச்சிருந்தேன் பெரியம்மா," என்றான். பிறகு அவர் நிற்கிற பக்கம் திரும்பாமலே, "ஏங்க, படிச்சுக் காட்டுங்களேன்," என்றான்.

அவர் படித்தது நாலாம் வகுப்பு. லாரி நம்பரும் கடைப் பலகையும் தவிர வேறு வாசித்து அறியாதவர். பார்க்க வந்த ஜெபவீட்டு அண்ணன் ஒருவர், "புதுசாப் படிக்கிறவங்க பின்பாதியிலிருந்து தொடங்குங்க. இயேசு பிறந்த கதை வரும்," என்று பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கதை எங்கே வந்தது? வெறும் பெயர்கள் வந்தன. அவன் இவனைப் பெற்றான், இவன் இன்னொருவனைப் பெற்றான். ஒவ்வொன்றும் நாக்கைச் சுளுக்கவைக்கிற பெயர்.

"என்ன அண்ணி இது, ஆம்பளைங்களா வரிசையாப் பெத்துக்கிட்டே வர்றாங்க? பிரசவ வார்டு மாதிரில்ல இருக்கு!"

பையனே சிரித்துவிட்டான். சிரிப்பு இருமலாகி, இருமல் ரத்தத்தில் போய் நின்றது. "அதைத் தாண்டிப் போங்க. எல்லாரும் தாண்டித்தான் போவாங்களாம்."

"ஒரு பொட்டு விட்டாலும் ஒழுகும்பா. வரிசையாவே போவோம்."

எனக்கு அந்தப் பக்கம் பிடித்திருந்தது. ஏழு தலைமுறை உறவை மூச்சுவிடாமல் சொல்லுகிறவள் நான். ஆனால் பெற்றவள் பெயர் அங்கொன்றும் இங்கொன்றும்தான் வந்தது. வலி ஒருத்திக்கு, பேர் ஒருத்தனுக்கு.

கடை திறக்கும் முன் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று விரல் வைத்துப் படித்தார். வம்சத்தின் கடைசிக்கு வந்தபோது திக்கி நின்றார். கடைசி ஆள் ஒரு தச்சர் என்று ஜெபவீட்டு அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு மட்டும் 'பெற்றான்' என்று போடவில்லை. இயேசுவைப் பெற்றவளுடைய புருஷன் என்று இருந்தது. பிள்ளை அவளிடத்தில் பிறந்தது, அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தையை விட்டுட்டேன் போல," என்று மறுபடி முதலிலிருந்து விரல் வைத்தார்.

பையன் முகம் இறுகியது. "தேடிப் புடிச்சுப் படிக்கிறீங்களா? இல்ல, நீங்களே கட்டிவிடுறீங்களா? எனக்குத்தான் கண்ணு தெரியாதே."

அவர் புத்தகத்தை மூடப்போனார். நான் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். "அப்படித்தான்டா போட்டிருக்கு. அத்தனை பேரு பெத்தாங்க, கடைசி ஆளு மட்டும் பெக்கல. வளர்த்தவரு."

பையன் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு கேட்டான்: "அந்தப் பையன் அவரை அப்பான்னு கூப்பிட்டானா?"

"தெரியலையே. படிச்சாத்தான் தெரியும்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஒன்றுதான் தேடல். அந்தப் பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் தன் பிள்ளையும் சொல்லுவான் என்று அவர் நம்பினார். வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? தச்சர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேற்று நாட்டுக்கு ஓடினார், திரும்பி வந்தார், பிறகு ஆளையே காணோம். குருடனுக்குப் பார்வை வந்த இடத்தைக்கூட இவர் அதே வேகத்தில்தான் வாசித்துப் போனார். பையன் அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மூச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. கடைக்குப் போனேன். கழற்றிப் போட்ட ரேடியேட்டர் மேல் புத்தகம் விரிந்து கிடந்தது. அதே கதையை வேறொருவர் மறுபடி முதலிலிருந்து சொல்கிற இடத்தில், தேடியது அகப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளை சிறுவயதில் காணாமல் போகிறான். பெற்றவளும் வளர்த்தவரும் அலைந்து, கடைசியில் ஆலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். உன் அப்பாவும் நானும் தவித்துப்போனோமே என்கிறாள் தாய். என்னை ஏன் தேடினீர்கள், நான் என் அப்பா காரியத்தில் இருக்க வேண்டாமா என்கிறான் பிள்ளை. அவன் சொன்ன அப்பா கடவுள், தச்சர் இல்லை.

"இதைத் தாண்டிடுங்க தம்பி. அவனுக்கென்ன தெரியப்போகுது?"

"தாண்டினா, முன்ன படிச்சதும் பொய்யாப் போயிரும் அண்ணி."

அன்று சாயங்காலம் படித்தார். ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை. பையன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தச்சர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அவரு பேசினதா எங்கயுமே போடல."

"அப்புறம் அந்தப் பையன்?"

"அவங்களோட வீட்டுக்கு வந்துட்டான். சொன்னபடி கேட்டு நடந்தான்னு போட்டிருக்கு."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "தண்ணி குடுங்க," என்றான்.

அந்த வாரமே போய்விட்டான். கடைசியில் ஏதோ முனகினான். "அப்பான்னுதான் சொன்னான், என் காதால கேட்டேன்," என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொன்னாள். அவர் அவளைப் பார்த்து, "இல்லம்மா, அது மூச்சு," என்றார்.

ஜெபவீட்டார்தான் அடக்கம் செய்தார்கள். முதல் மண்ணைத் தகப்பன் போடட்டும் என்றபோது அவர் நகரவே இல்லை. முதுகில் கைவைத்து நான்தான் தள்ளினேன்.

அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை, ஜெபவீட்டுக்கும் போவதில்லை. தச்சர் இனிமேல் பேசமாட்டார் என்று அந்த அண்ணன் சொன்ன பிறகும் பக்கம் விடாமல் படித்து வருகிறார். லாரிகள் நிற்கிற மைதானத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், தனியாக இருக்கிறார்.