காரப் பக்கத்தில் இருந்த பால்

ஐந்தாம் பாரத்தில் வெண்பாவுக்குச் சீர் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பியூன் மாரிமுத்து வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் சுற்றறிக்கை ஏதும் இல்லை.

"ஐயா, நம்ம கெமிஸ்ட்ரி சார் போயிட்டாங்களாம். குளிச்சிட்டு வந்தவங்க, நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அம்புட்டுத்தான்."

கெமிஸ்ட்ரி ஆசிரியரான வைரவன் சாரைக் கழக அன்பர்களாகிய உங்கள் எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டையில் கார உணவுக் கழகத்தைத் தொடங்கியவர். பன்னிரண்டு ஆண்டுகள் அதை நடத்தியவர். அவரைப் பற்றிக் கழகத்தின் நினைவு மலரில் எழுத என்னைவிடப் பொருத்தமானவன் இல்லை என்று சொல்லிக் கேட்டீர்கள். மறுத்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டேன், ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த ஆண்டில் அவர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். மனித உடம்பில் அமிலம் மிகுந்தால் நோய், அதை மாற்றும் உணவே மருந்து என்பது அதன் சாரம். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். அவர் படித்துப் பொருள் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். அமிலத்துக்கு எதிரானதை 'க்ஷாரம்' என்று போடலாம் என்றார் அவர். நல்ல தமிழில் 'காரம்' என்றுதான் போட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "பண்டிதர் பிடிச்சா உடும்புப்பிடி" என்று சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். 'காரமே உயிர்' என்ற தலைப்பில் சிறு நூல் வந்தது.

வந்த மாதமே அரிமளத்திலிருந்து ஜவுளிக்கடை காதர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். "பண்டிதரய்யா, காரம் நல்லாச் சேத்துக்கங்கன்னு ஒங்க பொஸ்தகத்துல போட்டிருந்துச்சு. வேளைக்கு நாலு மிளகா கடிச்சேன். இப்ப உக்கார முடியல, நிக்க முடியல" என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. நான் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வைரவன் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். இரண்டாம் பதிப்பின் அட்டையிலேயே 'காரம் என்றால் மிளகாய் அல்ல' என்று அச்சிட்டோம். இந்த இரண்டு நாளை நினைவில் வையுங்கள். எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

அந்த நூலின் பட்டியலில் பாலும் மோரும் விலக்க வேண்டிய அமிலப் பக்கம் இருந்தன. அவர் படித்தார், நான் எழுதினேன். எழுதியவன் முதலில் நடந்து காட்ட வேண்டாமா? வீட்டில் நின்ற செவலைப் பசுவைக் கீரனூரில் இருக்கும் மைத்துனரிடம் ஓட்டிவிட்டேன். மோர் இல்லாமல் சோறு இறங்காத என் மனைவி சிவகாமி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பூசணிச்சாறும் வாழைத்தண்டும் தேங்காய்ப்பாலுமாக எங்கள் காலம் ஓடியது. இடைவேளையில் வைரவனும் நானும் பால் விடாத கொத்தமல்லிக் காப்பி குடிப்போம். "நாக்கு கேக்குதா, வயிறு கேக்குதான்னு பாருங்க பண்டிதரே" என்பார். அதை எத்தனை கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்!

எரியூட்டிய மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். உறவினர் ஒவ்வொருவராகச் சாம்பலில் பால் விட்டார்கள். என்னிடமும் செம்பை நீட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நான் கையால் தொட்ட பால் அது. பால் ஆகாது என்று வாழ்ந்த மனிதர் மேல் பாலை ஊற்றுகிறோமே என்று செம்பைப் பிடித்தபடி நின்றேன். "மன்னிச்சிருங்க வைரவன், ஊர் வழக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினேன். அழுதேன்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். சிவகாமி ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்க. இனிமே யாருக்காக இந்த வேசம்?"

"என்னடி இது?"

"மோரு ஒண்ணும் செய்யாதுன்னு வைரவன் அண்ணன் எங்கிட்ட சொல்லிப் பத்து வருசமாச்சு. புத்தகத்துல வரி தப்பிப் படிச்சுட்டாங்களாம். நான் பக்கத்து வீட்டுலதான் குடிச்சுக்கிட்டு இருக்கேன். அவுங்க வீட்டுலயும் ராத்திரிக்குத் தயிர்ச்சோறுதான். 'மிளகாய்க்கே ரெண்டு நாள் படுத்த மனுசன், மாட்டையே குடுத்துட்டு நிக்கிறாரு, அவருட்ட எப்படித் தங்கச்சி சொல்றது'ன்னாங்க."

டம்ளரைத் தொடாமல் எழுந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டில் கேட்கக்கூடாத நேரத்தில் அந்த ஆங்கிலப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். பட்டியலில் பால், மோர் இரண்டும் கார உணவுகளின் பக்கத்தில் இருந்தன. எழுத்துக்கூட்டி நானே படித்தேன். ஓரத்தில் பென்சிலால் அவர் கையெழுத்து: 'பண்டிதருக்குச் சொல்ல வேண்டும்.' அதன் கீழே, வேறொரு நாளில், பேனா மையில்: 'சொல்ல வேண்டும்.'

பிறகு விசாரித்தேன். கீரனூர்க் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அரிமளத்தில் காதர் பாய்க்குக்கூடச் சொல்லியிருக்கிறார். உங்களில் பலர் மோர் குடித்துக்கொண்டேதான் இதைப் படிப்பீர்கள். நம் கழகத்தில் பால் கூடாது என்று நம்பியவன் நான் ஒருவன்தான். அந்த நூலைத் தமிழில் எழுதியவனும் நான்தான். பிழை செய்ததற்காக எனக்கு அவர் மேல் கோபமில்லை. உண்மையைக் கேட்டால் உடைந்துபோவேன் என்று என்னை எடை போட்டாரே, எதிரே உட்கார்ந்து பத்து ஆண்டுகள் அந்தக் கறுப்புக் காப்பியைக் குடித்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அது அன்பு என்கிறாள் சிவகாமி. இருக்கலாம். அந்த அன்பு எனக்கு வேண்டாம்.

அன்று திரும்பி வந்தபோது டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. குடித்தேன். சற்றுப் புளித்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அவருடையதாக என்னிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. என்னுடையதாக அவரிடம் ஒன்று போய்விட்டது. சாம்பலுக்கு முன் நின்று நான் கேட்ட மன்னிப்பு அது. அதைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.