அந்த ‘லெட் அஸ் சீ’

இங்கிலீஷில் நான் எழுதும் கட்டுரையில் பத்திக்கு ஒரு ‘லெட் அஸ் சீ’ வந்துவிடும். முதலில் இதைப் பார்ப்போம், மேலே சொன்னதுபோல, இனி அடுத்ததைப் பார்ப்போம். எங்கள் ஊர் வடகவுஞ்சியில் நாங்கள் விருந்தாளியைப் பஸ் ஏற்றிவிட்டதோடு விடமாட்டோம். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கண்டக்டரிடமும் சொல்லுவோம். படிக்கிறவரையும் அப்படித்தான் கூட்டிப்போனேன்.

கொடைக்கானலில் எம்.ஏ. கடைசி வருஷம். என்னோடு படித்த ஒருத்தி இங்கிலாந்துக்காரர் மகள், பக்கத்து அட்டுவம்பட்டியில் வளர்ந்தவள். அவள் கட்டுரை எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிடும். நடுநடுவே ‘ஒருவேளை’, ‘எனக்குத் தோன்றுவது’ என்று நழுவும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், ஒன்றும் இல்லாததைத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

என்னுடையது ஊர் போர்டுகளில் இருக்கும் இங்கிலீஷைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள். “பத்திக்குப் பத்தி கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறியே, நான் என்ன தொலைஞ்சா போயிருவேன்?”

சிரித்துக்கொண்டே கேட்டதால் கேலி செய்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கட்டுரையில் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வீம்பை விழுங்கிக்கொண்டு அத்தனை ‘லெட் அஸ் சீ’யையும் நானே வெட்டினேன்.

பேராசிரியர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நீ எழுதினதாம்மா?”

“நான்தான் சார்.”

“உன் நடை மாதிரி இல்லையே. கம்ப்யூட்டர் எழுதுச்சா, இல்ல அந்தப் புள்ளையா?”

“எழுதினதும் நான், வெட்டினதும் நான் சார்.”

“அப்ப வாயால சொல்லு, கேப்போம்.”

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் ஆரம்பித்தேன். “மொதல்ல ஹோம்ஸ்டே போர்டுகள்ல இருக்குற இங்கிலீஷப் பாப்போம் சார். அடுத்து சாக்லேட் கடை போர்டுகளப் பாப்போம்…”

அவர் சிரித்துவிட்டார். “ஆமா, இது நீதான்.”

அவள் கட்டுரையில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருந்தார். நீயா எழுதினாய் என்று அவளிடம் கேட்கவில்லை.

“அப்ப கையெழுத்து சார்?”

“பாப்போம்” என்றார்.

நான் அந்தச் சொல்லை எழுதினால் அடுத்த வரியிலேயே எதையாவது காட்டிவிடுவேன். அவர் என் கட்டுரையை மேஜை டிராயரில் போட்டு மூடினார்.