மூன்று மாதம் நடிக்க முடியாத ரத்தம்

வெள்ளச்சியின் வலது கண்ணைப் பறித்தது சர்க்கரை நோய் அல்ல, எங்கள் சுகாதார நிலையம். அங்கே மாத்திரை கொடுக்கும் எனக்கும் அதில் பங்குண்டு. தடுக்கப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் போன வாரம் இறந்துவிட்டார்.

அன்று காலை மருந்து வரிசை நீண்டிருந்தது. ஷேர் ஜீப் ஓட்டும் முருகன் வரிசையைத் தாண்டி ஜன்னலுக்கு வந்தார். "லேப் அக்கா வரமாட்டாங்க தம்பி. ஆலங்காயத்துல, வூட்லயே நெஞ்சு வலி. போய்ட்டாங்க." நான் கையிலிருந்த மாத்திரை அட்டையை வெட்டி முடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் லேபில் ரத்தம் எடுக்கும் ஆரோக்கியமேரி அக்காவை அறிந்தவர்களுக்கு அவரது வாய் தெரியும். ஊசியைக் கண்டு அலறும் ஆட்களிடம், "கரடி வர்ற காட்டுல தேன் எடுப்பே, என் ஊசிக்குக் கத்துறியா?" என்பார். எங்கள் நெல்லிவாசல்நாட்டு மலையில் அவருக்கு 'ரத்தக்காரம்மா' என்று பெயர்.

சர்க்கரை கூடியிருந்தால் எங்கள் மருத்துவ அலுவலர் எல்லோர் முன்னாலும் திட்டுவார். அதனால் மலை மக்களுக்கு ரத்தப் பரிசோதனை ஒரு பரீட்சை. அதில் தேறுவதற்காகப் பட்டினி கிடப்பார்கள். வெள்ளச்சியும் அப்படித்தான் ஒருமுறை தேறினார். அலுவலர் மெச்சினார், மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பாதியை எண்ணிக் கொடுத்தவன் நான்.

அடுத்த முறை நரம்பு தேடக் கையைப் பிடித்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, எப்ப சாப்ட்டே?"

"நேத்து ராவுலதாங்க."

"யார்கிட்ட கதை வுடறே? கை இந்த ஆட்டம் ஆடுது."

வெள்ளச்சி சிரித்துவிட்டார். "மூணு நாளா வெறுந்தண்ணிதாங்க. ஏறியிருந்தா அய்யா அத்தினி பேரு முன்னாடி மானத்த வாங்குறாரு."

அக்கா திட்டவில்லை. ரத்தம் எடுத்ததும் தன் டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் குடிக்க வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "மூணு நாள் நடிக்கலாம் தம்பி, மூணு மாசம் நடிக்க முடியாது" என்றார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனைக்கு ரத்தத்தைத் திருப்பத்தூருக்கு அனுப்பினார். ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்றுக்கு மேல் வந்தது. சிறுநீரில் புரதமும் இருந்தது. சிறுநீரகத்தின் சிறு ரத்தக்குழாய்கள் கெட்டிருந்தால் விழித்திரையிலும் கெட்டிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். முடிவுத் தாளின் கீழே, 'கண்ணின் உட்புறத்தை உடனே பரிசோதிக்க வேண்டும்' என்று எழுதினார்.

அலுவலருக்குக் கோபம் வந்தது. "லேப்ல இருக்கறவங்க ரத்தத்த மட்டும் பாருங்க. அந்தம்மாவுக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு?"

"தெரியாம போன பிறகு கண் டாக்டர் எதுக்கு சார்? கையப் புடிச்சி நடத்தவா?"

அந்தக் கேள்விக்காகவே அலுவலர் கண் மருத்துவருக்கான பரிந்துரைச் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை. அக்கா இரண்டு முறை மறுபடி கேட்டார். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அக்கா எழுதிக் கொடுத்த ஐந்தாவது வாரம் சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த வெள்ளச்சி நேராக லேபுக்கு வந்தார். "கண்ணுக்குள்ள கருப்பு நூலு ஓடுதும்மா. தொடச்சாலும் போவல." அக்கா சீட்டுக்குக் காத்திருக்கவில்லை. லேபைப் பூட்டினார், முருகன் ஜீப்பில் ஏற்றினார். நானும் போனேன். திருப்பத்தூர் கண் மருத்துவர், வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து விழித்திரை பிய்ந்துவிட்டது, பார்வை திரும்புவது கடினம் என்றார். இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. லேசர் சிகிச்சை மூன்று தவணை, தள்ளிப் போடக் கூடாது என்றார். முதல் தவணை அன்றே நடந்தது.

திரும்பும் வழியில் வெள்ளச்சி தூங்கிவிட்டார். அக்கா ஆலங்காயத்தில் இறங்கவில்லை. எங்களோடு மலை ஏறினார். பிறகு, "மூணு மாசத்தக் கண்டுபுடிச்சேன். அஞ்சு வாரத்த வுட்டுட்டேனே" என்றார். அவர் விடவில்லை.

இரண்டாம் தவணைக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தார். அதற்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனார். குறித்த நாளும் கடந்துவிட்டது. முருகனின் ஜீப் பழுதாகிக் கிடக்கிறது. ஒற்றைக் கண்ணின் மங்கலில் பேருந்துப் பலகைகூடத் தெரியாத வெள்ளச்சி தனியாக இறங்கமாட்டார். லேப் பூட்டியிருக்கிறது.

அஞ்சலிக் கூட்டத்தில் அலுவலர் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்றார். நான் எழுந்து, வெள்ளச்சியை அழைத்துப் போக நிலையத்தின் வண்டியைக் கேட்டேன். "தம்பி, இது துக்கக் கூட்டம். எடம் பாத்துப் பேசு" என்றார். டீ வந்தது, எல்லோரும் குடித்தார்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: திட்டாமல் கேட்பது. இப்போது ஜன்னலில் ஒவ்வொருவரையும் எப்போது சாப்பிட்டார்கள் என்று கேட்கிறேன். நேற்று நான்கு பேர் உண்மையைச் சொன்னார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காதவன் என்ற பழியும் என்னிடமே இருக்கும்.

அலுவலருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. இது நான்காவது, எல்லோரும் படிக்கும்படி: வெள்ளச்சியின் இடது கண் இன்னும் பார்க்கிறது. வண்டி எந்தத் தேதியில் வரும்? தேதியைச் சொல்லுங்கள்.